நடுவில் வைத்த நாலு நொடி

என் மச்சினியைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார் தொழிற்சங்கச் செயலாளர். ஆண்டு மலர் போடுகிறார்களாம். "இருபத்திரண்டு வருஷம் தோழரோட கூடவே இருந்திருக்கீங்க. உங்கள விட்டா யாரு எழுதுவா?" என்றார். அவர் எதிர்பார்ப்பது என்னவென்று எனக்குத் தெரியும். கேமரா ஏந்திய வீராங்கனை, அஞ்சாத நெஞ்சம், அப்படி இப்படி. அதற்கு வேறு ஆளைப் பார்க்கட்டும். நான் மைக்செட் கடைக்காரன். காதில் விழுந்ததை விழுந்தபடி பதிவுசெய்வதுதான் என் தொழில் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை, போகப்போகத் தெரியும்.

அவள் என் மனைவியின் தங்கை. தெருவில் கேமராக்காரி என்பார்கள், சங்கத்தில் தோழர் என்பார்கள், என் மனைவிக்குக் கோபம் வந்தால் "ஊருக்கு உழைக்கிறவ" என்பாள். பதினெட்டு வயதில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தவள். அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கேமரா ஆடிப்போனாலோ, எவனாவது குறுக்கே வந்து மறைத்தாலோ, அந்த இடத்தில் ஒரு பூங்கொத்தையோ சிரிக்கிற குழந்தையையோ வைத்து ஒட்டிவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு ஓட்டை தெரியாது. குழந்தை சிரித்தது காலையிலா சாயங்காலமா என்று எந்த மாப்பிள்ளையும் கேட்டதில்லை. ஸ்டுடியோவில் இதற்குப் பெயரே 'பூப் போடுறது'.

ஒரு நாள் கல்யாண மண்டபத்துக்குப் போகிற வழியில், ஒரு குடியிருப்பை இயந்திரம் வைத்து இடித்துக்கொண்டிருந்தார்கள். இவள் வண்டியை நிறுத்தி, கேமராவை அங்கே திருப்பிவிட்டாள். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முக்கியமான நேரமெல்லாம் முடிந்து ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்களாம். வேலை போயிற்று. என் மனைவி திட்டித் தீர்த்தாள். இவள் அசையவில்லை. "அக்கா, ஒரு அம்மா பீரோவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டாங்க. நாலு பேரு சேர்ந்து பீரோவோட தூக்கிட்டுப் போய் ரோட்டுல வெச்சாங்க. முழுசா எடுத்துட்டேன்" என்று, ஏதோ முதல் மதிப்பெண் வாங்கியவள் மாதிரி சொன்னாள். அதுதான் அவளுடைய முதல் படம்.

அதற்குச் சத்தம் எடுக்க ஆள் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டாள். "அத்தான், ஒரு நாள்தான்" என்றாள். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் பன்னிரண்டு படம். சாக்கடைக்குள் இறங்குகிறவர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருப்பவர்கள், மூடிய மில்லின் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள். எதுவும் தியேட்டருக்குப் போனதில்லை. சங்க அலுவலகச் சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டிப் போட்டுக் காட்டுவோம். எங்கள் வீட்டுப் பின்னறைதான் அவளுடைய எடிட்டிங் அறை. ஜன்னலை அட்டை வைத்து மூடியிருப்பாள். பழைய கதவு ஒன்றைப் படுக்கப் போட்டு மேஜையாக்கியிருந்தாள். அதன் கைப்பிடியைக் கழற்றவில்லை. எப்போது எழுந்தாலும் அது என் தொடையில் இடிக்கும்.

படத்தில் பின்னணிக் குரல் கிடையாது, பாட்டு கிடையாது. "இசை போட்டு அழவெச்சா அது நம்ம வேலை இல்ல அத்தான், வாத்தியக்காரர் வேலை" என்பாள். இன்னொன்றையும் பிடிவாதமாக வைத்திருந்தாள். படத்தில் இருக்கிறவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுவாள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தத் துண்டை எடுத்துவிடுவாள். என் பங்குக்கு ஒரு பழக்கம் உண்டு. ரெக்கார்டரைப் போட்டதும் தேதியையும் இடத்தையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். இல்லாவிட்டால் எந்தச் சத்தம் எந்த நாளுடையது என்று பிறகு மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாவது படம் பேட்டரி ஆலை வேலைநிறுத்தம். அங்கே வேலை செய்கிறவர்களின் ரத்தத்தில் ஈயம் ஏறுகிறது. வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதிப்பார்கள், முடிவை மட்டும் சொல்ல மாட்டார்கள். "என் ரத்தத்துல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லு" என்பதுதான் மொத்தக் கோரிக்கையும். இருநூறு பேர் வாசலில் உட்கார்ந்தார்கள். தார்ப்பாய்க் கொட்டகை போட்டுக் கொடுத்தவர் வெல்டர். ஆறடி ஆள், எதற்கெடுத்தாலும் கேலி. நாற்பதாம் நாள் காற்றில் கொட்டகை ஒரு பக்கம் சாய்ந்துவிட, முட்டுக் கொடுக்க இரும்புக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். வெயில் எதிரே அடித்ததால் கண்ணைச் சுருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். அவள் எடுத்தாள். நான் வழக்கப்படி தேதியைச் சொன்னேன்.

மறுநாள் ஆலையின் காவலாட்கள் தடியோடு வெளியே வந்தார்கள். லோடுமேன் ஒருவர் முன்னால் நின்றிருந்தார். முப்பத்தொரு வயது, ஒரு வயதுப் பெண் குழந்தை. காவலாள் அவருக்கு எதிரே தடியை ஓங்கினான். அந்த நேரம் பார்த்து எவனோ என் மச்சினியைத் தள்ளிவிட்டான். கேமரா தரையைப் பார்த்தது. செருப்பு, புழுதி, யாருடையதோ ஒரு கால், அவ்வளவுதான். நாலு நொடி. அவள் நிமிர்த்தியபோது லோடுமேன் பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

அன்று அவள் அழவில்லை. நானும் அழவில்லை. வீட்டுக்கு வந்து கை கால் கழுவினோம், சாப்பிட்டோம். என் மனைவி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மனுஷங்கதானா நீங்க?" என்றாள். என்ன சொல்வது? ஊசி போட்ட பிறகு பல் பிடுங்குவது போலத்தான் இருந்தது. இழுப்பது தெரிகிறது, வலி தெரியவில்லை.

நாலு மாதம் அந்தப் பின்னறையில் உட்கார்ந்து வெட்டினோம். அடி விழுகிற இடத்தில் ஓட்டை. தடி ஓங்குகிறது, அப்புறம் புழுதி, அப்புறம் லோடுமேன் விழுகிறார். புழுதி வந்ததும் பார்ப்பவர்கள் கண் அலைபாய்ந்தது. நாங்களே போட்டுப் பார்த்துச் சலித்துப்போனோம். கடைசியில் அவள் முந்தின நாள் எடுத்த வெல்டரை எடுத்து அங்கே வைத்தாள். தோளில் குழாயோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, விறுவிறுவென்று. நண்பன் அடிபடுவதைப் பார்த்து ஓடி வருகிற மாதிரியே இருந்தது. கச்சிதமாக நாலு நொடி. பன்னிரண்டு படத்தில் அவள் பூப் போட்ட ஒரே இடம் அது.

"சத்தம் செத்துக் கெடக்கே அத்தான்" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கடையில் கிடந்த குழாயைத் தரையில் போட்டு ஒரு 'டங்'கைப் பதிவுசெய்து கொண்டுவந்து அங்கே ஒட்டினேன். இரும்பு வருகிறது, இரும்புச் சத்தம் வேண்டாமா? பெரிய மேதாவித்தனம். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

படத்தில் இருந்தவர்களுக்கு வழக்கம்போல முதலில் போட்டுக் காட்டினோம். அன்றைக்கு வெல்டர் வெளியூரில் ஒரு பாலத்து வேலைக்குப் போயிருந்தார். "வந்ததும் காட்டிக்கலாம்" என்றாள் மச்சினி. காட்டவில்லை. படம் கைபேசி கைபேசியாகப் பரவியது. எல்லாருக்கும் பிடித்த இடம் அந்த நாலு நொடிதான். கூட்டங்களில் அந்த இடம் வந்தால் விசில் பறந்தது. மூன்றாம் வாரம் போலீஸ் வந்து பின்னறையை வழித்துக்கொண்டு போனது. கணினி, டிஸ்க்குகள், மோதல் நாளின் மொத்தப் பதிவும் போயிற்று. பிறகு கேட்டதற்கு, பறிமுதல் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடையில் என் ரெக்கார்டர் பைக்குள் கிடந்ததால் தப்பித்தது மோதலுக்கு முந்தின நாள் பதிவு மட்டும்.

அடுத்த வாரம் வெல்டரைக் கைது செய்தார்கள். லோடுமேனைக் கொன்றது அவர்தானாம். தோழர் எடுத்த படமே சாட்சியாம். தடி ஓங்குகிறது, ஆனால் விழவில்லை. அடுத்து குழாயோடு ஒருவன் வருகிறான், 'டங்' என்று சத்தம், லோடுமேன் சாய்கிறார். நெரிசலில் சொந்த ஆளின் அடி பட்டுச் செத்தார் என்றார் ஆலையின் வக்கீல். அடப்பாவிகளா என்று கத்தினேன். பிறகு கடைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு படத்தைப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்ன மாதிரிதான் இருந்தது. முந்நூறு தடவை பார்த்திருப்போம். குழாய் முந்தின நாளுடையது என்று எங்களுக்குத் தெரிந்திருந்ததால், தெரியாதவன் கண்ணுக்கு அது என்னவாகப் படும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

ஜாமீன் கிடைக்கவில்லை. சிறைக்குப் பார்க்கப் போனோம். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வெல்டர் இளைத்துப்போய் நின்றார். கேலி மட்டும் குறையவில்லை.

"என்னக்கா, படத்துல நான் ஜோரா இருக்கேனாமே? உள்ள எல்லாரும் சொல்றாங்க. நான் ஒருத்தன்தான் இன்னும் பாக்கல."

மச்சினி கம்பிவலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப எடுத்தது அது? நான்தான் அன்னிக்குச் சண்டை நடக்கறப்ப பின்னாடி தண்ணி டேங்க் பக்கம் இருந்தேனே. இதை எத்தன தடவ சொன்னாலும் எவனும் காதுல போட்டுக்க மாட்டேங்கறான்."

"முந்தின நாள் எடுத்தது" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். "அப்ப அதைச் சொல்லிடுங்கக்கா" என்றார். கடையில் உப்பு வாங்கி வரச் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

சொல்வதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். காவலாட்கள் மேல் லோடுமேனின் மனைவி போட்ட வழக்கும் அதே நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு இருந்த ஒரே சாட்சி இந்தப் படம். பார்த்தவர்கள் எல்லாரும் வேலைநிறுத்தக்காரர்கள், அவர்கள் வாக்குமூலம் எடுபடவில்லை. ஒரு இடத்தில் படம் பொய் என்று ஒத்துக்கொண்டால் மொத்தமும் பொய் என்றுதான் ஆகும். வெல்டர் வெளியே வந்தால், லோடுமேனை அடித்தவனும் வெளியே போவான். அவ்வளவுதான் கணக்கு.

செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். கதவு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்.

"வெல்டரை வேற வழியில வெளிய எடுத்துடலாம் தோழர். அப்பீல் இருக்கு, மேல் கோர்ட் இருக்கு. படம் போச்சுன்னா ஒண்ணுமே இல்ல. இருநூறு பேரோட போராட்டம். ஒருத்தருக்காக அதைப் பலி குடுக்கறதா?"

"எத்தன வருஷம் ஆகும்?" என்றாள் மச்சினி.

"ரெண்டு... மூணு."

"ஏற்கெனவே ரெண்டு வருஷம் போயிடுச்சு."

நானும் செயலாளர் பக்கம்தான் பேசினேன், மறைப்பானேன். போராட்டத்துக்காக என்று சொன்னேன். உண்மையில் அந்த 'டங்' வெளியே வந்துவிடுமே என்ற பயம். என் மனைவி மட்டும் சமையலறை வாசலில் நின்றபடி, "உள்ள இருக்கறது உங்கள்ல ஒருத்தரா இருந்தா இவ்வளவு நேரம் பேசுவீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். செயலாளர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் மச்சினி சொல்லிவிட்டாள். அழுகை இல்லை, நடுக்கம் இல்லை. சந்தை விலை சொல்கிற குரல். "அந்த நாலு நொடி முந்தின நாள் எடுத்தது. அடி விழுந்த நேரம் என் கேமரா தரையைப் பாத்துட்டு இருந்தது. ஓட்டைய மறைக்க அதை வெச்சேன்." சாட்சியமாக என் ரெக்கார்டரைப் போட்டார்கள். நீதிமன்றம் முழுக்க என் குரல் கேட்டது: தேதி, ஆலை வாசல், கொட்டகை வேலை. அடுத்து வெல்டரின் குரல்: "என்னண்ணே, ரயில் வர்ற மாதிரியே அறிவிக்கறீங்க!" பின்னால் பத்துப் பேர் சிரிக்கிற சத்தம். அதில் லோடுமேனும் இருந்திருக்கலாம். கைதிக் கூண்டில் வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆலை வக்கீல் எழுந்தார். "அந்த இரும்புச் சத்தம்?"

நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரியும். எழுந்திருக்கவில்லை.

"அதையும் நான்தான் வெச்சேன்" என்றாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப இந்தப் படத்துல வேற என்னென்ன நீங்க வெச்சது, எது நடந்ததுன்னு கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொன்னாத்தான் தெரியும்" என்றாள். வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

வெல்டர் விடுதலையானார். ஒரு மாதம் கழித்துக் காவலாட்களும் விடுதலையானார்கள். படத்தை ஆதாரமாக ஏற்க முடியாது என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. சங்கத்தில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். இப்போது மலர் போடுகிறபோது மட்டும் ஞாபகம் வந்திருக்கிறது. வெல்டர் ஒரு முறை வந்து, பின்னறைக் கதவு மேஜைக்கு நாலு இரும்புக் கால் பற்ற வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். படத்தை மட்டும் இன்றுவரை அவர் பார்க்கவில்லை. "வேணாங்கக்கா, கதைதான் தெரியுமே" என்றார். மச்சினி அந்த மேஜைக்கு முன்னால் உட்காருவாள், எழுந்திருப்பாள், எதையும் போட்டுப் பார்க்க மாட்டாள். கூப்பிட்டால் வருவாள், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். அவளைத் திட்டுவதைக்கூட என் மனைவி விட்டுவிட்டாள். நானும் கடையைத் திறக்கிறேன், மூடுகிறேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் என்னைக் காப்பாற்றியதற்கு நன்றியாவது வரவேண்டாமா? அதுவும் வரவில்லை.

காவலாட்களை விடுவித்த தீர்ப்பு வந்து இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லோடுமேனின் மனைவி வந்தாள். சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. கையில் நாலு வயதுப் பெண். என் மனைவி குழந்தையை வாசலுக்குக் கூட்டிப் போனாள். வந்தவள் பின்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"திட்ட வரலக்கா. திட்டி என்ன ஆகப்போவுது? வெல்டர் அண்ணன் வெளிய வந்தது நல்லதுதான். அவரு செய்யலைன்னு எனக்கும் தெரியும். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்."

கைபேசியை எடுத்து எங்கள் படத்தைப் போட்டாள். முழுவதும் இல்லை, லோடுமேன் சாய்கிற இடம் மட்டும். விழும்போது "அம்மா!" என்று ஒரு அலறல் கேட்கும். பத்து நொடி. நிறுத்தினாள்.

"குழாய் வேற நாளுன்னு சொல்லிட்டீங்க. சத்தம் வெச்சதுன்னு சொல்லிட்டீங்க. இந்தக் குரலாவது அவரோடதுதானே?"

"அவரோடதுதாம்மா" என்றேன் நான், மூச்சுவிடாமல்.

மச்சினி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"தெரியாதும்மா" என்றாள். "அன்னிக்கு அங்க எடுத்த சத்தம்தான். ஆனா அம்பது பேரு கத்துனாங்க. அதுல ஒண்ணு தெளிவா இருந்தது. அதை மட்டும் எடுத்து அவர் விழுற எடத்துல ஒசத்தி வெச்சோம். யாரோடதுன்னு எங்களுக்குத் தெரியாது."

அந்தப் பெண் கைபேசியை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தாள். வாசலில் குழந்தை என் மனைவியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது.

"அவருக்குச் செல்போன்ல பேசி அனுப்புற பழக்கமே கெடையாதுக்கா. வேற எதுலயும் அவரு குரல் இல்ல" என்றாள். "பாப்பாவுக்கு அப்பா முகத்த போட்டோவுல காட்டினேன். குரல் இதுதான்னு இதைப் போட்டுக் காட்டி வளத்துட்டேன். இனிமே அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"